18 பேப்பர்கள், 4 பெயர்கள்

என் பெயர் மாலதி, அப்பா பெயர் கந்தசாமி, கணவர் பெயர் சரவணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர்கள் வேறு. ஆனால் நான் பட்ட பாடு முழுக்கப் பெயரில்தான் இருக்கிறது, அதனால் ஏதாவது ஒரு பெயரை வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்ல முடியும். நான் புரத உயிர்வேதியியல்காரி. விதைகளை ஊறவைத்து, அரைத்து, அதிலிருந்து லெக்டின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்து, அது எந்தச் சர்க்கரையோடு ஒட்டுகிறது, எந்த வெப்பத்தில் வடிவம் குலைகிறது என்று பார்ப்பதுதான் 2004-லிருந்து என் வேலை. குளிர் அறையில் 4 டிகிரியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பிரிப்புக் குழாய் வழியாக ஒவ்வொரு சொட்டாக விழுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த இரவுகள் எத்தனையோ. அந்த வேலையில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த வேலைக்கான கணக்கை நான் பார்த்துக்கொள்ளாமல் விட்டதில்தான் வருத்தம்.

2019 ஜூன் மாதம் ஒரு கல்வி நிறுவனத்தில் இணைப் பேராசிரியர் பணிக்கு நேர்காணலுக்குப் போனேன். விண்ணப்பத்தில் எச்-இண்டெக்ஸ் கேட்டிருந்தார்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரைத் திறந்து பார்த்தேன், 14 என்று இருந்தது, அப்படியே எழுதிவிட்டேன். உள்ளே ஐந்து பேர். லெக்டினைப் பற்றி இருபது நிமிடம் நன்றாகப் பேசினேன், அவர்களும் ஆர்வமாகக் கேட்டார்கள். அப்புறம் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே, "நீங்க 14-ன்னு எழுதியிருக்கீங்க. நாங்க சந்தா கட்டிப் பார்க்கிற தரவுத்தளத்துல 4-ன்னு காட்டுது, மொத்த சைட்டேஷன் 50-ன்னு இருக்கு. எதும்மா சரி?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் அந்தத் தரவுத்தளத்தில் என் பக்கத்தைத் திறந்தே பார்த்ததில்லை. "இன்னொண்ணு, கூகுள்ல உங்க பக்கத்துல ஃபஸ்ஸி டோபாலஜின்னு ரெண்டு கணிதப் பேப்பர் இருக்கே, அதுவும் உங்களுடையதா?" என்று அடுத்த கேள்வி வந்தது. காது சூடாகிவிட்டது. இல்லை சார், அது எப்படி வந்தது என்று தெரியவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். அடுத்தவர் பேப்பரைத் தன் கணக்கில் காட்டியவள் என்று அந்த அறையில் ஐந்து பேரும் நினைத்திருப்பார்கள். பேருந்தில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அந்த வேலை கிடைக்கவில்லை. இதனால்தான் கிடைக்கவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு என்னைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போனது.

எச்-இண்டெக்ஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஒருவர் எழுதிய பேப்பர்களில் குறைந்தது 12 பேப்பர்கள் ஒவ்வொன்றும் 12 முறையாவது மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 12. அந்த மேற்கோளைத்தான் சைட்டேஷன் என்கிறோம். கலிஃபோர்னியாவில் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த கணக்கு இது. இந்தக் கணக்கில் உள்ள ஆபத்து நான் அடிபட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. மொத்த சைட்டேஷன் இரண்டு பக்கமாகப் பிரிந்தால் இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம். எச்-இண்டெக்ஸை அப்படிக் கூட்ட முடியாது. பேப்பர்கள் நான்கு பெயரில் சிதறினால் ஒவ்வொரு பெயரிலும் ஒரு சின்ன எண்தான் நிற்கும்.

என் பேப்பர்கள் எப்படிச் சிதறின என்று சொல்கிறேன். முனைவர் பட்ட ஆய்வு 2004-இல் தொடங்கியபோது எல்லோரையும் போல கே. மாலதி. 2010-க்குள் அந்தப் பெயரில் 6 பேப்பர். 2009-இல் கல்யாணம். 2010-இல் முதல்முறையாகப் பாஸ்போர்ட் எடுத்தேன். படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர் என்று அதைக் காலியாக விட்டுவிட்டு, கொடுத்த பெயர் என்ற கட்டத்தில் மாலதி என்று மட்டும் எழுதினேன். அடுத்த வருஷம் போஸ்ட்டாக் என்ற, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு வேலைக்கு அமெரிக்கா போனேன். ஒற்றைப் பெயரோடு போகிறவர்களுக்கு அங்கே விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதற்பெயர் இருக்கும் இடத்தில் எஃப்என்யு என்று அடிப்பார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. விசாவிலிருந்து அது பல்கலைக்கழகப் பதிவுக்குப் போனது, அங்கிருந்து அடையாள அட்டைக்கும் மின்னஞ்சலுக்கும் போனது. அந்த மூன்றெழுத்தைச் சேர்த்துப் படித்து, மூன்று வருஷம் நான் அங்கே "ஃப்னு மாலதி". சக ஆய்வாளர்கள் சிலர் ஃப்னு என்றுதான் கூப்பிட்டார்கள். என் பேராசிரியர் பேப்பரை அனுப்பும்போது பல்கலைக்கழக முகவரிப் பட்டியலில் இருந்த பெயரை எடுத்துப் போட்டார். இப்படி 4 பேப்பர்.

அந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு பேப்பரும் வெளிவருவதற்கு முன் அச்சுப்படி ஒன்று மின்னஞ்சலில் வரும். பெரும்பாலும் 48 மணி நேரத்தில் திருத்தி அனுப்பச் சொல்வார்கள். அதில் முதல் கேள்வியே, ஆசிரியர்களின் முதற்பெயரும் குடும்பப் பெயரும் சரியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றனவா என்று உறுதி செய்யவும் என்பதாகத்தான் பல பதிப்பகங்களில் இருக்கும். அந்தக் கேள்வியை நான் நான்கு முறை பார்த்தேன். நான்கு முறையும் சரி என்று போட்டேன். புதிய நாடு, பேராசிரியரிடம் போய் என் பெயரை மாற்றுங்கள் என்று சொல்லக் கூச்சம். பெயரில் என்ன இருக்கிறது, உள்ளே இருக்கும், புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல் படம் தெளிவாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். அச்சுப்படி வரும்போது செலவிடும் இரண்டு நிமிடம், பின்னால் இரண்டு வருஷ அலைச்சலை மிச்சப்படுத்தும்.

2014-இல் ஊர் திரும்பினோம். விமான நிலையங்களில் பட்ட தொல்லை போதும் என்று பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்தேன். ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. அங்கே மாலதி சரவணன் என்ற பெயரில் 5 பேப்பர் எழுதினேன். வேறு 3 பேப்பர் வந்த ஜர்னல்களில் முதற்பெயரைச் சுருக்கி முதலெழுத்து மட்டும் போடுவது வழக்கம். அங்கே நான் எம். சரவணன். தமிழ்நாட்டில் எம். சரவணன் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

நேர்காணல் முடிந்த வாரம் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு பேப்பரையும் தலைப்பை வைத்துத் தேடி, அதே தரவுத்தளத்தில் அதற்கு எத்தனை சைட்டேஷன் என்று கையால் எழுதினேன். கே. மாலதி: 64, 38, 25, 17, 12, 5. ஃப்னு மாலதி: 92, 31, 19, 11. மாலதி சரவணன்: 22, 14, 8, 4, 2. எம். சரவணன்: 41, 13, 6. மொத்தம் 424. பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி எண்ணினால் எச்-இண்டெக்ஸ் 12. தேர்வுக் குழுவினர் பார்த்தது மூன்றாவது பெயரை மட்டும். அதில் 50 சைட்டேஷன், எண் 4. அவர்கள் பொய் சொல்லவில்லை. நான் எழுதிய 14-ம் சரியில்லை. கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகள், மாநாட்டுக் கட்டுரைகள் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுவதால் அதில் எண் பெரும்பாலும் கூடுதலாகத்தான் வரும், என் விஷயத்தில் யாரோ ஒரு கே. மாலதியின் கணிதப் பேப்பர்களும் சேர்ந்திருந்தன. அதனால் எங்கே எண்ணைக் கேட்டாலும் எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதியில் பார்த்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். கேட்கவில்லை என்றாலும் எழுதுங்கள். நான் அதை மட்டும் செய்திருந்தால்கூட அன்றைக்கு அந்த அறையில் வாயடைத்து உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இனி நான் செய்த பெரிய தவறு. என் முனைவர் பட்ட கைட்டுக்குப் போன் செய்து அழுதேன். "நம்ம காலத்துல இதெல்லாம் யாரும்மா பாத்தா, நீ வேலையப் பாரு, தானா சரியாகும்" என்றார். அவர் மேல் எனக்கு அன்பும் மரியாதையும் உண்டு, ஆனால் இது தானாகச் சரியாகும் விஷயம் இல்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்தபோது, ஆசிரியர்களுக்கான வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஆய்வாளர் பக்கங்களைத் திருத்தித் தருகிறோம் என்று ஒரு விளம்பரம் வந்தது. கூப்பிட்டேன். முதலில் 8,000 ரூபாய் வாங்கினார்கள். பிறகு வேலை பெரியது, கூடுதலாக 10,000 ஆகும் என்றார்கள், அதையும் கொடுத்தேன். கல்லூரி மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கேட்டார்கள். அதையும் கொடுத்தேன் என்று எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் என் பெயரில் கூகுள் ஸ்காலரில் இன்னொரு புதிய பக்கம் திறந்து, யார் யாருடைய பேப்பர்களையோ அதில் ஏற்றி, எச்-இண்டெக்ஸ் 21 என்று காட்டியிருந்தார்கள். பதறிப்போய்க் கூப்பிட்டால், "மேடம், எண்ணு கூடியிருக்குல்ல, அப்புறம் என்ன? வேணும்னா சைட்டேஷனும் போட்டுத் தரோம், ஒண்ணுக்கு இவ்வளவுன்னு ரேட்டு இருக்கு" என்றார் எதிர்முனையில் இருந்தவர்.

அன்று இரவே கடவுச்சொல்லை மாற்றினேன், அந்தப் பக்கத்தை நீக்கினேன். பணம் திரும்பி வரவில்லை. 18,000 ரூபாய் போனதைவிட, ஏற்கெனவே அடுத்தவர் பேப்பரைக் காட்டியவள் என்று ஒரு இடத்தில் சந்தேகப்பட வைத்துவிட்டு, மறுபடி அதே காரியத்தை என் பெயரில் செய்ய நானே காசு கொடுத்திருக்கிறேனே என்பதுதான் தாங்க முடியவில்லை. சைட்டேஷனை விலைக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இப்போது விற்பவரின் குரலையும் கேட்டுவிட்டேன். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். ஆய்வில் நம்மிடம் இருப்பது பெயர் ஒன்றுதான். அதுவும் நான் நான்காக உடைத்து வைத்திருந்த பெயர்.

பெயரைச் சேர்க்கும் வேலைக்குக் காசே தேவையில்லை. இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நான் கடைசியில் எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். முதலில் ஆர்கிட் எண் எடுத்தேன். 2012 அக்டோபரில் தொடங்கிய, ஆய்வாளர்களுக்கான 16 இலக்க அடையாள எண் அது, இலவசம். எனக்கு ஏழு வருஷம் முன்பே கிடைத்திருக்க வேண்டியது. பேப்பர் அனுப்பும்போதெல்லாம் ஜர்னல் தளம் கேட்கும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். அதில் வேறு பெயர்களால் அறியப்பட்டால் எழுதவும் என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே என் நான்கு பெயர்களையும் எழுதினேன். கல்லூரி மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் கொடுங்கள், ஏனென்றால் வேலை மாறினால் கல்லூரி மின்னஞ்சல் போய்விடும், ஆர்கிட் கணக்குக்குள் போக முடியாமல் தவிப்பீர்கள். பேப்பரை அனுப்பும்போது இந்த எண்ணோடு உள்ளே நுழைந்து அனுப்பினால், வெளியானதும் அது உங்கள் கணக்கில் தானாக வந்து சேர அனுமதி கொடுக்கலாம். கூட்டு ஆசிரியராக இருந்தாலும் உங்கள் எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து ஸ்கோபஸ் என்ற சைட்டேஷன் தரவுத்தளம். அங்கே ஆசிரியர் பக்கங்களை ஆட்கள் உட்கார்ந்து உருவாக்குவதில்லை, பெயர், நிறுவனம், துறை, கூட்டு ஆசிரியர்கள் இவற்றைப் பார்த்து கணினியே சேர்க்கும், கணினியே பிரிக்கும். ஆனால் திருத்தக் கேட்க அவர்களே வழி வைத்திருக்கிறார்கள். ஆதர் ஃபீட்பேக் விஸார்ட் என்று பெயர். இலவசக் கணக்கு தொடங்கி, உங்களுடைய பெயர் வடிவங்கள் ஒவ்வொன்றையும் தேடி, உங்கள் பக்கங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து ஒன்றாக்கக் கேட்கலாம். எந்தப் பெயர் முன்னால் நிற்க வேண்டும் என்றும் சொல்லலாம், உங்களுடையது அல்லாத பேப்பரை விலக்கவும் சொல்லலாம். கே. மாலதியையும் ஃப்னு மாலதியையும் மாலதி சரவணனையும் சேர்க்க எனக்கு மூன்று வாரம் ஆனது. வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்திலும் இதே போல இலவசக் கணக்கு தொடங்கி நம் பக்கத்தை நம்முடையது என்று உரிமை கோரலாம். நம் நாட்டில் காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் நடத்தும் வித்வான் என்ற ஆய்வாளர் விவரத் தளத்தில் ஆர்கிட், ஸ்கோபஸ் எண்களைச் சேர்த்துவிடுங்கள். கூகுள் ஸ்காலரில் ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். புதிய பேப்பர்களைத் தானாகச் சேர்க்காமல், முதலில் எனக்கு மின்னஞ்சல் அனுப்பு என்று மாற்றிவிட வேண்டும். கணிதப் பேப்பர்கள் என் பக்கத்தில் நுழைந்தது அந்த அமைப்பைத் தானாகச் சேர் என்று விட்டதால்தான்.

எம். சரவணன் பேப்பர்கள் மூன்றும்தான் கடைசிவரை இழுத்தன. அவை ஒரு பெரிய பக்கத்துக்குள் கிடந்தன. டீசல் என்ஜின், பயோடீசல், எரிபொருள் கலவை என்று எழுபதுக்கு மேல் பேப்பர், நடுவில் என் லெக்டின் மூன்று. ஏன் அங்கே போய் ஒட்டின என்று பார்த்தால், எங்கள் கல்லூரியிலேயே இயந்திரவியல் துறையில் ஒரு எம். சரவணன் இருக்கிறார். அதே கல்லூரி, அதே முதலெழுத்து, அதே பெயர். கணினிக்கு வேறு என்ன வேண்டும்? மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் துறைக்குப் போய்த் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். "அது நீங்கதானா மேடம்? என் கணக்குல லெக்டின்னு மூணு பேப்பர் ரெண்டு வருஷமா இருக்கு. யாருதுன்னும் தெரியல, எப்படி எடுக்கிறதுன்னும் தெரியல. போன தடவை பதவி உயர்வுக்கு எழுதும்போது அதைக் கழிச்சுட்டுத்தான் எழுதினேன்" என்றார். நாற்பத்தொன்று, பதின்மூன்று, ஆறு என்று அந்த சைட்டேஷன்களை அவர் தனியே குறித்து வைத்திருந்தார். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் ஒருவரிடம் என் மூன்று பேப்பரும் இரண்டு வருஷம் பத்திரமாக இருந்திருக்கின்றன, எனக்குத் தெரியவில்லை. அவர் பக்கத்திலிருந்து விலக்கச் சொல்லி அவரும், என் பக்கத்தில் சேர்க்கச் சொல்லி நானும் ஒரே நாளில் எழுதினோம். அதற்குப் பிறகு வேகமாக முடிந்தது. பெயர் பொதுவான பெயராக இருந்தால், உங்கள் நிறுவனத்திலேயே அதே பெயரில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அவரும் உங்களைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

எந்தப் பெயரில் எழுதுவது என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். நம் பெயர் முறை வேறு, இந்தக் கட்டங்களை வடிவமைத்தவர்களின் பெயர் முறை வேறு. கடைசியில் வரும் சொல்லைத்தான் குடும்பப் பெயர் என்று அந்தத் தளங்கள் எடுத்துக்கொள்ளும். கே. மாலதி என்று எழுதினால் "மாலதி மற்றும் பலர்" என்று மேற்கோள் காட்டுவார்கள், நம் பெயர் நிற்கும். மாலதி கந்தசாமி என்று விரித்தால் "கந்தசாமி மற்றும் பலர்" ஆகிவிடும். அப்பா பெயர் நிற்பதில் சிலருக்கு மகிழ்ச்சி இருக்கலாம், அது அவரவர் விருப்பம். ஆனால் ஒற்றை முதலெழுத்து மட்டும் போட்டால் அதே பெயர்க்காரர்கள் நிறையப் பேரோடு கலந்துவிடும் வாய்ப்பு உண்டு. புரதங்களின் வடிவத்தைப் படிக்கும் எல்லோரும் பயன்படுத்தும் ராமச்சந்திரன் வரைபடம் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963-இல் வந்தது. ஆசிரியர்கள் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். மூவரும் நம் முறைப்படி முதலெழுத்தை முன்னால் போட்டவர்கள். ஜி என்பது கோபாலசமுத்திரம் என்ற ஊர். அப்படி எழுதியதால்தான் உலகம் முழுக்க அவருடைய சொந்தப் பெயரே அந்த வரைபடத்துக்கு நின்றது. அன்றைக்கு அச்சுக் காகிதத்தில் மனிதர்கள் படித்தார்கள், யார் யார் என்று அவர்களுக்குத் தெரியும். இன்று முதலில் படிப்பது கணினி. எந்த வடிவமானாலும் சரி, முதல் பேப்பருக்கு முன்பே முடிவு செய்து, பாஸ்போர்ட் மாறினாலும் கல்யாணம் ஆனாலும் பேப்பரில் அதையே வைத்திருங்கள். பேப்பரில் போடும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த ஜர்னலும் கேட்பதில்லை. இது தெரியாமல்தான் நான் இரண்டு முறை மாற்றினேன். கல்லூரியின் பெயரையும் ஒவ்வொரு பேப்பரிலும் ஒரே எழுத்துக்கோவையில் எழுதுங்கள், அதை வைத்தும்தான் கணினி நம்மை அடையாளம் காண்கிறது.

18-இல் சேராத ஒரு பேப்பரும் உண்டு. 2015-இல் கல்லூரியில் வருஷத்துக்கு ஒன்றாவது வேண்டும் என்று நெருக்கினார்கள். 9,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஐந்தே நாளில் ஏற்றுக்கொண்ட ஒரு ஜர்னலில் போட்டேன். ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஏற்றுக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, தான் அங்கீகரித்த ஜர்னல் பட்டியலிலிருந்து 4,305 ஜர்னல்களை நீக்கியபோது அதுவும் போனது. பிறகு அந்தத் தளமே இல்லை. எட்டு மாத வேலை அதில் இருந்தது. அதை வேறு ஜர்னலுக்கு அனுப்பவும் முடியாது, ஏற்கெனவே வெளியானது என்பார்கள். அந்தப் பட்டியலுக்குப் பின்னால் வந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் யுஜிசி கைவிட்டுவிட்டது. இப்போது எந்த ஜர்னல் நல்லது என்று பார்ப்பது நம் கையில்தான். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையிலேயே அங்கே இருக்கிறார்களா என்று அவர்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். உங்கள் துறையில் நீங்கள் மதிக்கும் நான்கு பேர் அதில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இவ்வளவு எண்களோடு மல்லுக்கட்டிய பிறகு அந்த எண்களைப் பற்றி என் மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். என் 92 சைட்டேஷன் பேப்பரில் நான் நான்காவது ஆசிரியர். அதில் நான் செய்தது புரதத்தைச் சுத்தமாகப் பிரித்துக் கொடுத்தது மட்டும், ஆறு வார வேலை. 2 சைட்டேஷன் வாங்கிய பேப்பருக்கு நான்கு வருஷம் ஆனது. என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கவனமான வேலை அதுதான். எங்கள் துறையில் இது புதிதல்ல. 2014-இல் நேச்சர் இதழ் உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 பேப்பர்களைப் பட்டியலிட்டபோது முதல் மூன்று இடமும் புரத வேலை செய்கிறவர்களின் அன்றாடச் செய்முறைகளுக்குத்தான் போனது. புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்க லௌரி 1951-இல் எழுதியது முதலிடம், 3 லட்சத்துக்கும் மேல் சைட்டேஷன். அடுத்தது ஜெல் ஓட்டும் முறைக்காக லெம்லி 1970-இல் எழுதியது, அதற்கடுத்தது பிராட்ஃபோர்டின் 1976 பேப்பர். மூன்றையும் நாங்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது தொடுவோம், அதனால் மேற்கோள் காட்டுகிறோம். ராமச்சந்திரன் வரைபடத்தையோ, புரதக் கட்டமைப்பு பற்றிய பேப்பர்களில் பெயர் சொல்லிப் பயன்படுத்திவிட்டு, 1963 பேப்பரை மேற்கோள் காட்டாமலே பலர் போய்விடுகிறார்கள். அவ்வளவு பழகிப்போன விஷயம் அது. தனி ஆளை எடைபோட, ஒரு ஜர்னலின் பேப்பருக்குச் சராசரியாக எத்தனை சைட்டேஷன் என்று சொல்லும் ஜர்னல் எண்ணை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று 2012-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் விஞ்ஞானிகள் கூடி ஓர் அறிக்கையே எழுதினார்கள். நான் அதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனாலும் தேர்வுக் குழுவின் மேசையில் மடிக்கணினி திறந்திருக்கும்வரை, அதில் நம் பெயருக்கு எதிரே இருக்கும் எண் நம்முடையதாகவே இருக்க வேண்டும்.

2020 ஜனவரியில் ஒரே பெயர், 18 பேப்பர் என்று திரையில் பார்த்தேன். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஏங்க, இங்க பாருங்க, எல்லாம் வந்துடுச்சு" என்றேன். அவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். 2022-இல் வேறொரு இடத்தில் இணைப் பேராசிரியர் ஆனேன். 2019-இல் கிடைக்காமல் போன வேலைக்கும் நான் வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்துக்கும் மாதம் 31,000 ரூபாய் வித்தியாசம். மூன்று வருஷத்துக்குக் கூட்டினால் 11 லட்சத்துக்கு மேல் வரும். அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தேன், அதற்குப் பிறகு போடவில்லை.

ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பக்கங்கள் எல்லாம் ஒன்றாகிவிட்டாலும் அந்த நான்கு பேப்பரின் முதல் தாளில் இன்னும் ஃப்னு மாலதி என்றுதான் இருந்தது. 2020-க்குப் பிறகு பல பெரிய பதிப்பகங்கள், வெளியான பேப்பரிலும் ஆசிரியரின் பெயரை மாற்றித் தரலாம் என்று விதி கொண்டுவந்தார்கள். எழுதிக் கேட்டேன். மூன்றில் மாற்றிக் கொடுத்தார்கள். நான்காவது ஜர்னலுக்கு, எல்லாக் கூட்டு ஆசிரியர்களின் சம்மதமும் வேண்டும் என்றார்கள். ஆறு பேரில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஆறாமவர் வேலையை விட்டுப் போய்விட்டார், பழைய மின்னஞ்சலுக்கு அனுப்பினால் திரும்பி வருகிறது. 92 சைட்டேஷன் வாங்கியது அந்தப் பேப்பர்தான். போன வாரம் அவருடைய ஆர்கிட் பக்கத்தைக் கண்டுபிடித்தேன், புதிய நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கிறது. அங்கே எழுதியிருக்கிறேன்.